மாசாமாசம் துளிர்க்கிற மரம்

தம்பி, குமட்டுதா? மூஞ்சி வெளிறிப்போச்சே. இந்தாங்க, ஜன்னல் பக்கம் வந்துருங்க, நான் இப்படி மாறிக்கிறேன். எனக்கு ஒண்ணும் செய்யாது, பொறந்ததுல இருந்து இந்த வளைவுலதான் ஏறி எறங்குறேன். இருங்க, பைக்குள்ள பழம் வச்சிருக்கேன். உரிக்காதீங்க. தோல நகத்தால லேசாக் கீறி மோந்துக்கிட்டே வாங்க. வத்தலக்குண்டு போற வரைக்கும் வாந்தி எட்டிப் பாக்காது.

என்ன, பழத்தத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க? கோணலா இருக்கா? ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சூம்பித்தான் இருக்கும். அடியில பச்சை மாறாது. பழுத்ததுதான் தம்பி, காய் இல்ல. கமலா ஆரஞ்சு. ஒரு காலத்துல எங்க மலைப் பழம்னா மதுரைக் கடையில பேரு சொல்லிக் கேட்டு வாங்குவாங்க. எங்க ஊருல அந்தச் சாதியில இந்த ஒரு மரந்தான் மிச்சம். என் வீட்டுக்குப் பின்னாடி நிக்குது. எம்மகன் வச்ச மரம்.

மோந்துட்டீங்களா? இப்பப் பரவாயில்லையா? பேச்சக் கேட்டுக்கிட்டே வந்தா குமட்டல் தெரியாது. நான் பேசுறேன், நீங்க 'உம்' கூடப் போட வேணாம். என்னோட பேசுறதுக்கு ஊருல ஆளு கெடையாது தம்பி. அதான் பஸ்ஸுல ஏறினதும் வாய் தன்னால தெறந்துக்கிருது.

எம்பேரு பஞ்சவர்ணம். தாண்டிக்குடிக்கு அந்தப் பக்கம் ஈச்சம்பாறைன்னு ஒரு ஊரு, அங்கதான். திருப்பூருக்குப் போறேன், மாயழகக் கூட்டியாறதுக்கு. மாயழகு என் தங்கச்சி வேலுத்தாய் மகன். நானும் வேலுத்தாயும் ஒரே பந்தல்ல அண்ணனுக்கும் தம்பிக்கும் வாக்கப்பட்டவங்க. ரெண்டு வீடு, ரெண்டு தோட்டம், நடுவுல முழங்கால் ஒசரத்துக்கு ஒரு கல்லுக்கட்டு. அந்தக் கல்லுக்கட்டத் தாண்டித் தாண்டியே எங்க ஆயுசு போச்சு. உப்பு இல்லேன்னாலும் தாண்டுவோம், சும்மா ஒரு வார்த்தை பேசணும்னாலும் தாண்டுவோம். மாயழகு என்னையப் 'பெரியம்மா'ம்பான், ஆனா சோறு திங்கிறது என் வீட்டுல. நாளைக்கு நான் கண்ண மூடினா எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். நானாச் சொல்லல, அவனாச் சொன்னது. "தவமணி இல்லேன்னா என்ன பெரியம்மா, நான் இல்லையா"ன்னு சின்ன வயசுலயே சொன்னான். அப்படிச் சொன்னவன் இப்ப என் நம்பரப் பாத்தா போனை எடுக்க மாட்டேங்கிறான்.

தவமணி யாருன்னு சொல்லலையே. எம்மகன். வாக்கப்பட்டு ரொம்ப நாளு கழிச்சு, பழனிக்கு நடையா நடந்து, அப்புறம் பொறந்தவன். பொடியனா இருக்கையில ஒரு நாளு தோட்டத்துப் பழத்தத் தின்னுட்டு, விதையக் கொண்டுபோயி நான் பாத்திரம் வெளக்குற தண்ணி ஓடுற எடத்துல புதைச்சு வச்சான். மாயழகும் கூட. ரெண்டு பயலுகளும் காலைல எந்திரிச்சதும் ஓடிப் போயி, மொளைச்சிருச்சான்னு மண்ண நோண்டிப் பாப்பாய்ங்க. அப்படி நோண்டியும் மொளைச்சு வந்துச்சு பாருங்க அந்த மரம். "இதுல மொத பழம் எனக்கு, ரெண்டாவது மாயழகுக்கு, மூணாவது அம்மாவுக்கு"ன்னு தவமணி சொல்லி வச்சான். பெத்தவளுக்கு மூணாவது எடமாடான்னு நான் அவங்கூட சண்டை போட்டேன். எதுக்கெல்லாம் சண்டை போட்டிருக்கேன் பாருங்க.

மொத பழம் அவன் திங்கல. எங்க வீட்டுக்காரரு தோட்டத்துக்கு அடிச்சது போக மிச்ச மருந்த ஒரு கலர் பாட்டில்ல ஊத்தி அடுப்படி மூலையில வச்சிருந்தாரு. வெயில்ல வெளையாண்டுட்டு வந்த புள்ள, குடிக்கிற கலருன்னு நெனச்சு... அவ்வளவுதான் தம்பி. அதுக்கு மேல எனக்கு வாய் வராது. கீழ ஆஸ்பத்திரிக்கு இதே ரோட்டுலதான் எறங்குனோம். பாதி மலை கூட எறங்கல. அதுக்கப்புறம் அவரும் ரொம்ப நாளு இருக்கல. குடிச்சாரு, அழுதாரு, போய்ச் சேந்தாரு. உக்காந்து திட்டுறதுக்குக் கூட எனக்கு ஆளு இல்லாமப் போச்சு. அன்னையில இருந்து மருந்துப் பாட்டிலு எதுவும் என் வீட்டு வாசப்படி ஏறினதில்ல. மூட்டைப்பூச்சி மருந்து கூட வாங்க மாட்டேன். கடிச்சாக் கடிச்சுட்டுப் போகட்டும்.

அப்புறம் மரம் காய்ச்சுச்சு. மொத பழத்தப் பறிச்சு அவன் படத்துக்கு முன்னாடி வச்சேன். ரெண்டாவத மாயழகு கையில குடுத்தேன். அவன் அத வச்சுக்கிட்டு அழுதான். மூணாவத நான் திங்கல. இன்னைக்கு வரைக்கும் அந்த மரத்துச் சுளை ஒண்ணு என் வாயில பட்டதில்ல. அதனால இது இனிக்குமா கசக்குமான்னு என்னையக் கேக்காதீங்க. மோந்தா மணக்குது, அது போதும்.

வளைவு திரும்புது, கம்பியப் பிடிச்சுக்கங்க. இந்த டிரைவரு கொஞ்சம் வீச்சாத் திருப்புவான்.

எங்க ஆரஞ்சு மரத்துக்கெல்லாம் நோவு வந்த கதையச் சொல்றேன். மொதல்ல எலை மஞ்சளாச்சு. சத்துக் கொறைச்சல்னு தொழு உரம் போட்டோம், சாம்பல் போட்டோம். கேக்கல. ஒரே எலையில இந்தப் பாதி பச்சை, அந்தப் பாதி திட்டுத் திட்டா மஞ்ச. பழம் சிறுத்துச்சு, கோணிச்சு, பழுக்குறதுக்கு முன்னாடியே உதுந்துச்சு. கெளை கெளையாக் காஞ்சு வந்துச்சு. ஊரு முழுக்க இதே கதை. அப்பத்தான் தோட்டக்கலை ஆபீசுல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. சின்னப் பொண்ணு, ஆனா வெவரமாச் சொல்லுச்சு, நான் குறை சொல்ல மாட்டேன். எள்ளு சைசுல ஒரு பூச்சியாம். எலையில உக்காந்தா தலையக் கீழ வச்சுப் பின்பக்கத்தத் தூக்கிக்கிட்டு நிக்குமாம். முத்துன எலையில முட்டை வைக்காது, இளந்துளிரு எங்க இருக்குன்னு தேடிப் போயி அங்கதான் வைக்குமாம். குஞ்சு பொரிச்சா வெள்ளை வெள்ளையா மெழுகு நூலு விடுமாம். நோவு புடிச்ச மரத்துல சாறு குடிச்ச பூச்சி நல்ல மரத்துக்குப் பறந்து போயிக் குடிச்சா, அந்த மரமும் முடிஞ்சுச்சு. மரத்துக்குள்ள நோவு எறங்கிருச்சுன்னா வைத்தியமே கெடையாது, வெட்டி எரிக்கணும். ஒருத்தர் வெட்டி ஒருத்தர் விட்டா பிரயோசனமில்ல, ஊரே சேந்து வெட்டணும். நெலத்தக் கொஞ்ச காலம் சும்மா போட்டுட்டு, வலைக் கூண்டுக்குள்ள வளத்த சுத்தமான கன்ன வாங்கி நடணும். எல்லாம் எனக்கு அத்துபடி தம்பி. மேடையில ஏத்தி விட்டீங்கன்னா நானே பேசிருவேன்.

கருவேப்பிலை மரத்துலயும் அந்தப் பூச்சி குடியிருக்குமாம். அந்தப் பொண்ணு சொன்ன அன்னைக்கே என் வீட்டுக் கருவேப்பிலைய வெட்டிப் போட்டேன். ஊருலயே மொத ஆளு நாந்தான். இன்னைக்கும் ரசத்துக்குக் கருவேப்பிலை கடையிலதான் வாங்குறேன். ஆனா அந்த டீக்கடை ராக்கு இருக்காளே, அவ வெட்டல. கடைக்குப் பின்னாடி தார்ப்பாயக் கட்டி மறைச்சு வச்சிருந்தா. ஒருத்தி ஊருக்கு அடங்காம இப்படி ஒளிச்சு வச்சா ஊரு உருப்படுமா? நீங்களே சொல்லுங்க. நான் அவ மூஞ்சிக்கு நேரா கேட்டேன். "உன் ஒரு மரத்தால ஊரு நாசமாப் போகணுமாடி"ன்னு கேட்டேன்.

அந்த நேரத்துலதான் மாயழகு திருப்பூரு பனியன் கம்பெனி வேலைய விட்டுட்டு வந்தான். "பெரியம்மா, நம்ம மலையில மறுபடியும் ஆரஞ்சு வைப்போம், நான் வைக்கிறேன்"ன்னான். கண்ணு மின்னுது அவனுக்கு. தவமணி இருந்திருந்தா அவனும் இப்படித்தான் நின்னிருப்பான். மந்தையில ஊரக் கூட்டிப் பேசினது மாயழகு, ஒவ்வொரு வீடா ஏறி எறங்கிச் சம்மதம் வாங்கினது மாயழகு. வெட்டுறதுக்கு நாளு குறிச்சாச்சு.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு தம்பி. காய்ச்ச மரத்த வெட்டணும்னா மஞ்சத்தண்ணி ஊத்தி, சூடம் காட்டி, மரத்துக்குச் சொந்தக்காரங்கதான் மொத வெட்டு போடணும். அதுக்கப்புறந்தான் மத்தவங்க கோடாலி படும். வேத்தாளு மொத வெட்டு போட்டா அந்த மண்ணுல அடுத்த மரம் நிக்காதும்பாங்க. என் தோட்டத்துல நின்ன மரம் அம்புட்டுக்கும் நான்தான் மொத வெட்டு போட்டேன். வேலுத்தாய் அழுதுட்டு உக்காந்துட்டா. நான் அழுகல. அவ தோட்டத்துக்கும் போயி, அவ கையப் பிடிச்சு அருவாளத் தூக்க வச்சது நான்தான். ஊரே பேசுச்சு, பஞ்சவர்ணம் நெஞ்சுரம் யாருக்கு வரும்னு.

பின்னாடி நிக்கிற மரமா? அது தோட்டத்து மரமா என்ன? வீட்டு மரம். அந்தக் கணக்குல அது வராது.

இருந்தாலும் ஊரு வாய் எப்படியும் பேசும்னு, முந்துன நாளு மரத்துல இருந்த மஞ்ச எலைய ஒண்ணு விடாம ஆஞ்சு போட்டேன். கைக்கு எட்டாதத ஏணி போட்டு ஏறி ஆஞ்சேன். மரம் மொட்டை போட்ட புள்ள மாதிரி ஆயிருச்சு. ஆஞ்ச எலைய எல்லாம் அடுப்படியில குமிச்சு வச்சேன், வெந்நி போட ஆகும்னு. மறுநாளு ஆளுக வாசல்ல நிக்கிறாய்ங்க. மாயழகு மட்டும் கொல்லைக்கு வந்தான். மரத்தப் பாத்தான். அடுப்படியில கெடந்த எலையப் பாத்தான். என்னையப் பாத்தான். வெளிய போயி, "பின்னாடி ஒண்ணுமில்ல, வாங்க போகலாம்"னு சொல்லிட்டான். நீங்களே சொல்லுங்க. பூச்சிய நேர்ல பாத்தவன், படிச்சவன், நோவு பத்தித் தெரிஞ்சவன், அவனே ஒண்ணுமில்லேன்னு சொன்னா அப்ப மரத்துல ஒண்ணுமில்லேன்னுதானே அர்த்தம்?

பொழுது சாய ஒரு தடவை வந்தான். கையில ஒரு மருந்து டப்பா. வாசப்படிக்கு வெளியவே நின்னான், அவனுக்குத் தெரியும்ல. "பெரியம்மா, மரத்த நான் விட்டுட்டேன். ஆனா நான் சொல்றத நீ கேக்கணும். மரத்துக்குத் தண்ணி ஊத்தாத, எலைய ஆயாத, துளிரு விட விடாத. அப்படியும் விட்டா இந்த மருந்த அடி. இல்ல, நானே வந்து அடிக்கிறேன்"ன்னான். "நீ எதுக்குடா, நான் அடிச்சுக்கிறேன்"னு வாங்கி வச்சுக்கிட்டேன். அவன் அந்தப் பக்கம் போனதும் குப்பைக்குழியில ஆழமாத் தோண்டிப் புதைச்சுட்டேன். தவமணி மரத்து மேல மருந்த அடிப்பேனா தம்பி? எந்தக் கையி துணியும்? அவன் வந்து கேக்குறப்ப எல்லாம் "அடிச்சுட்டேன், அடிச்சுட்டேன்"னு சொல்லுவேன். அவன் மனசு சங்கடப்படக் கூடாதுல்ல.

மருந்துக்குப் பதிலா நான் கவனிப்புல ஒண்ணும் கொறை வைக்கல. அரிசி களைஞ்ச தண்ணி, மீன் கழுவின தண்ணி, வேப்பம்புண்ணாக்கு. எலை மஞ்சளாக ஆரம்பிச்சா ஒடனே ஆஞ்சு விட்டுருவேன். நம்ப மாட்டீங்க, ஆஞ்ச எடத்துல எல்லாம் பொசுபொசுன்னு துளிரு வரும். மத்த மரமெல்லாம் மழையப் பாத்துத்தான் துளிர்க்கும். தவமணி மரம் மாசாமாசம் துளிர்க்கும். கோடையில ஊரே காஞ்சு கெடக்கையில எங்க கொல்லையில மட்டும் இளம்பச்சை. துளிரு நுனியில சில நேரம் வெள்ளை வெள்ளையா நூலு மாதிரி ஒட்டியிருக்கும். சின்னப் புள்ளைக்கு மூக்குச் சிந்தி விடுற மாதிரி ஈரத்துணியால தொடச்சு விடுவேன். தொடைக்கத் தொடைக்க வரும். அது பால் தம்பி, துளிருப் பால். செழிப்பா இருக்கிற மரத்துக்கு அப்படி வரும்.

நீங்க ஏன் என்னைய அப்படிப் பாக்குறீங்க? திரும்பவும் குமட்டுதா? பழத்த மோந்துக்கங்க.

நெலத்த ஆறப்போட்டு, மாயழகு புதுக் கன்னு வாங்கியாந்து நட்டான். அவன் தோட்டம் முழுக்க நட்டான், என் தோட்டத்துலயும் அவனே நட்டான். ஒவ்வொண்ணுக்கும் நிழலுக்கு ஓலை கட்டி, சொட்டுத் தண்ணிக்குக் குழாய் போட்டு, தங்கத்தப் பாக்குற மாதிரி பாத்தான். அவனுக்குக் கட்டி வைக்கப் பொண்ணு பாத்து வச்சிருந்தோம். "மொத காய்ப்பு வரட்டும் பெரியம்மா, அந்தப் பழத்த வச்சுத்தான் தாம்பூலம் மாத்தணும்"ன்னான். கன்னு அவன் இடுப்புக்கு வந்துச்சு, தோளுக்கு வந்துச்சு. வேலுத்தாய் சாயங்காலமானா கல்லுக்கட்டுல வந்து உக்காந்துக்குவா. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்குவேன். ரெண்டு பேரும் கன்னையே பாத்துக்கிட்டு இருப்போம். எங்க ஆயுசுலயே அதுதான் நல்ல காலம். அந்தக் காலத்த எனக்குத் திருப்பிக் குடுத்துட்டு இந்த உசுர எடுத்துக்கிட்டாக் கூட நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்.

அப்புறம் கல்லுக்கட்டு ஓரத்துல, என் வீட்டப் பாத்து நிக்கிற வரிசை, அதுதான் மொதல்ல மஞ்சளாச்சு. காத்து அப்படித்தானே அடிக்கும். அடுத்த வரிசை, அதுக்கு அடுத்த வரிசை. மாயழகு கன்னு கன்னா எலையப் பிடிச்சுத் திருப்பிப் பாக்குறான், வெளிச்சத்துல காட்டிப் பாக்குறான். அந்த ஆபீசுப் பொண்ணு மறுபடி வந்துச்சு. அதுவும் பாத்துட்டு, "பக்கத்துல எங்கயோ ஒரு பழைய மரம் நிக்குதுங்க, நல்லாத் தேடுங்க"ன்னு சொல்லுச்சு. நான் ஒடனே டீக்கடை ராக்குவத்தான் காமிச்சேன். அவ கருவேப்பிலையத் தார்ப்பாயோட சேத்து வெட்டினாய்ங்க. வாயில வந்தபடி என்னைய ஏசினா. ஏசட்டும். வெட்டினதுக்கு அப்புறமும் நோவு நிக்கல. அப்ப என்ன அர்த்தம்? கன்னு வாங்கின எடத்துல ஏமாத்தியிருக்காய்ங்க. நோவுக் கன்ன நல்ல கன்னுன்னு தலையில கட்டிட்டாய்ங்க. நான் மாயழகுகிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன், போயி அவிங்க சட்டையப் பிடிடான்னு. அவன் எங்கயும் போகல. என்னையவே பாத்துக்கிட்டு நின்னான்.

ஒரு நாளு விடிஞ்சும் விடியாம கொல்லையில சத்தம். போயிப் பாத்தா மாயழகு மரத்தடியில நிக்கிறான். மரத்துல கைய வச்சுக்கிட்டு நிக்கிறான். கீழ ஒரு சொம்புல மஞ்சத்தண்ணி, சூடம். என்னையப் பாத்ததும் அருவாள என் கையில வச்சு, என் வெரலை எல்லாம் அவனே மடக்கி விட்டான். "பெரியம்மா, நீ ஒரு வெட்டு போடு. ஒரே ஒரு வெட்டு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்"னான். எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. "தவமணியவாடா வெட்டச் சொல்ற? அவன் உனக்கு ரெண்டாவது பழம் குடுத்தவண்டா"ன்னு கேட்டேன். அவன் ஒத்தைக் கையாலயே அந்த மரத்தச் சாய்ச்சிருக்கலாம் தம்பி, ஆம்பளப் புள்ள. சாய்க்கல. நான் போடாம அவன் போட மாட்டான். சொம்ப எடுத்துத் தண்ணிய மரத்தடியில ஊத்திட்டுப் போயிட்டான். மத்தியானப் பஸ்ஸுக்குத் திருப்பூரு கெளம்பிட்டான். அந்த அருவா இன்னும் மரத்தடியிலதான் துருப்பிடிச்சுக் கெடக்கு, எனக்கு அதத் தொடப் பிடிக்கல.

பொண்ணு வீட்டுல வேற எடம் பாத்துட்டாங்க. ரெண்டு தோட்டமும் இப்ப வெறும் குச்சியா நிக்குது. வேலுத்தாய் அன்னையில இருந்து எங்கிட்டப் பேசுறதில்ல. கல்லுக்கட்டு மேல முள்ள வெட்டிப் போட்டுட்டா. எங்க அம்மா செத்தப்ப என் இடுப்புல ஏறினவ தம்பி அவ, எனக்கு மொத மகளே அவதான். இப்ப நான் கொல்லைக்கு வந்தா அவ கதவச் சாத்துற சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் நெஞ்சுல விழுகுது தம்பி. நான் என்ன செஞ்சேன் அவளுக்கு? ஊரு சொன்ன எல்லாத்துக்கும் முன்னாடி நின்னவ நான்தானே.

இன்னைக்குக் காலையில பஸ்ஸுக்கு நிக்கிறேன், திடீர்னு வந்து எதுக்க நின்னா. எத்தனை நாளு கழிச்சு அவ மூஞ்சிய நேருக்கு நேரா பாக்குறேன்! தலை முழுக்க நரைச்சிருச்சு. பையப் பாத்தா. உள்ள இருக்கிற பழத்தப் பாத்தா. "யக்கா, அவனக் கூப்பிடவா போற? அந்த மரத்துக்கு மொத வெட்டு போட்டுட்டுப் போ. அவன் தன்னால வருவான்"னா. அவ்வளவுதான், திரும்பிப் போயிட்டா. எனக்கு அவ 'யக்கா'ன்னு கூப்பிட்டதுதான் காதுல நின்னுச்சு. பஸ் வந்து ஏறி உக்காந்த பெறகுதான் அவ சொன்னதையே யோசிச்சேன். மரத்துக்கும் அவன் போனதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்? ஊரோட மரமெல்லாம் வெட்டியும் நோவு வந்துச்சே, இந்த ஒத்த மரத்த வெட்டினா போயிருமா? போன புள்ள ஒண்ணு, அவன் வச்சுட்டுப் போனது ஒண்ணு. அதையும் எங்கிட்ட இருந்து பிடுங்கணுமா? வேலுத்தாய்க்கு உசுரோட மகன் இருக்கான். அவளுக்கு என்ன தெரியும்?

உரிச்சிட்டீங்களா? சரி, உரிச்சா உரிச்சுக்கங்க, உங்களுக்குக் குடுத்ததுதானே. விதைய மட்டும் துப்பிராதீங்க, எங்கையில குடுங்க. இந்த மரத்து விதையில ஒரு கன்னு மொளைக்க வச்சிரணும்னு எனக்கு ஆசை. எனக்கும் வயசாகுது, மரத்துக்கும் வயசாகுது. எத்தனையோ தடவை போட்டுப் பாத்துட்டேன், தவமணி போட்ட அதே எடத்துல, அதே மாதிரி. ஒண்ணு கூட மொளைக்கல. என்ன, கறுத்திருக்கா? எல்லாம் கறுத்து, சுருங்கித்தான் இருக்கா? நல்லாப் பாருங்க, ஒண்ணாவது பருத்து இருக்கும். இல்லையா? சரி, குடுங்க, இதையும் முடிஞ்சு வச்சுக்கிறேன். சுளை எப்படி இருக்கு? ஏன் மூஞ்சியச் சுளிக்கிறீங்க? அது வந்து, வாய் கசந்து போயிருக்கும் உங்களுக்கு, குமட்டல்ல அப்படித்தான் இருக்கும்.

தம்பி, ஒரு உபகாரம் செய்வீங்களா? உங்க போன்ல இருந்து மாயழகுக்கு ஒரு தடவை போட்டுக் குடுங்களேன். என் நம்பர்னா அவன் எடுக்க மாட்டான், புது நம்பர்னா எடுப்பான். இங்க போடாதீங்க, இந்த வளைவு முடியிற வரைக்கும் டவர் இருக்காது. கீழ எறங்கிரட்டும்.

அந்தா, தென்னந்தோப்பு வந்துருச்சு, சமதளம் வந்துட்டோம். இந்தக் காகிதத்துல இருக்கு பாருங்க நம்பரு. சத்தமா வையுங்க, எனக்கு ஒரு காது மந்தம். மணி அடிக்குதா? அடிக்குதுல்ல?

அய்யா, மாயழகு! நான்தாண்டா, பெரியம்மா. வச்சிராத சாமி, வச்சிராத. பஸ்ஸுல ஒரு தம்பி குடுத்த போனுடா. உன்னையப் பாக்கத்தான் வந்துக்கிட்டு இருக்கேன். சாப்பிட்டியா? கொரலு ஏன் கம்மிப் போயிருக்கு, சளி பிடிச்சிருக்கா? மாயழகு, எனக்கு உன்னைய விட்டா யாருடா இருக்கா, பேசுடா.

கேட்டீங்களா தம்பி? கேட்டீங்களா? எடுத்ததும் மரத்தத்தான் கேக்குறான்! "மரம் இன்னும் நிக்குதா பெரியம்மா"ங்கிறான். எம்புள்ள மறக்கல பாருங்க.

நிக்குதுடா கண்ணு! நீ விட்டுட்டுப் போன மாதிரியே நிக்குது. ஒரு கெளையத் தொட விடல நான். இந்த மாசமும் நல்லாத் துளிர்த்திருக்கு, வந்து பாரேன். உனக்குப் பழம் கூடப் பறிச்சுக்கிட்டு வாரேன். ரெண்டாவது பழம் உனக்குத்தானே. மாயழகு? அலோ? அலோ, மாயழகு?

கட்டாயிருச்சு தம்பி. டவர் போயிருச்சு போல.

இருக்கா? முழுசா இருக்கா உங்களுக்கு? வத்தலக்குண்டே வந்துருச்சே, ஆமா, இங்க இருக்கும்.

அப்ப அவனுக்குத்தான் இல்ல. கம்பெனிக்குள்ள இருந்திருப்பான். உள்ள மிஷினு ஓடிக்கிட்டு இருந்தா டவர் எங்க கெடைக்கும்? கெடைக்காது. கெடைக்காதுல்ல தம்பி?